காமாலை இறங்கிய பிறகும் ரத்தத்தைப் பாருங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு மஞ்சள் காமாலை பற்றிய கேள்விக்குப் பதில் எழுதியபோது கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: அபூர்வமாகச் சிலருக்குக் காமாலை இறங்கிய சில வாரங்களில் ரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜையும் வேலையை நிறுத்திவிடும் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுப் பகுதியும். எல்லாக் கடிதங்களிலும் பெயரை எடுத்துவிட்டேன், சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். ஆடி மாதம் காமாலை வந்தது. கல்லீரல் என்சைம் எஸ்.ஜி.பி.டி. 1,800, பிலிருபின் 14 என்றார்கள். ஏ, பி, சி, ஈ என்று காமாலை வைரஸ் டெஸ்ட் எல்லாமே நெகட்டிவ். கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். பத்தியமும் இருந்தான். ஒரு மாதத்தில் கண் வெளுத்துவிட்டது, பள்ளிக்கூடமும் போனான். ஐப்பசியில் பல் தேய்க்கும்போது ரத்தம் வர ஆரம்பித்தது, காலெல்லாம் சிவப்புப் புள்ளி. இப்போது ஹீமோகுளோபின் 6, பிளேட்லெட் 9,000. எலும்பு மஜ்ஜையே காலி என்கிறார்கள். நான் கொடுத்த நாட்டு மருந்தால்தான் இப்படி ஆனது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
(ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. உங்கள் கீழாநெல்லியால் இது வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கீழாநெல்லியைக் கண்ணால் பார்த்திராத ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே நோய் இதே வரிசையில்தான் வருகிறது. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ இருக்கும் பையன்கள், தெரிந்த எந்த வைரஸும் பிடிபடாத ஒரு காமாலை, அது தானாகத் தணிந்துவிடும், பிறகு இரண்டு மூன்று மாதத்தில் சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் ஒன்றாகச் சரியும். உங்கள் கடிதத்தில் ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடையில் இருப்பதும் அதே இடைவெளிதான். 1955-லேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஹெபடைட்டிஸுக்கு, அதாவது கல்லீரல் அழற்சிக்கு, பின் வரும் அப்ளாஸ்டிக் அனீமியா என்று பெயர். வீட்டில் யார் என்ன சொன்னாலும் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.

அதே சமயம், அவனுக்குக் கொடுத்த எல்லாவற்றையும், கீழாநெல்லி, லேகியம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரை எதுவாக இருந்தாலும், சிகிச்சை செய்கிற டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் போன்ற சில மருந்துகளும் வெகு அபூர்வமாக மஜ்ஜையை நிறுத்தக்கூடியவை, அதனால் அந்தப் பட்டியல் அவர்களுக்குத் தேவைப்படும்.

உள்ளே நடந்தது இதுதான். கல்லீரலுக்குள் ஏதோ ஒரு வைரஸ் நுழைந்திருக்க வேண்டும். அதை விரட்ட உடம்பு டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைக் கிளப்பிவிட்டது. வைரஸ் போய்விட்டது, ஆனால் கிளம்பிய படை திரும்பவில்லை. அது மஜ்ஜைக்குள் புகுந்து, ரத்தத்தையே உண்டாக்குகிற தாய் செல்களை எதிரி என்று நினைத்து அழிக்கிறது. நம் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிற இடம். அது நின்றால் உடனே தெரியாது, ஏனென்றால் ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பவை கொஞ்ச நாள் ஓட்டும். சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டுக்கு 8 முதல் 10 நாள், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்கு ரத்தத்தில் ஒரு நாள் ஆயுள்கூடக் கிடையாது. அதனால்தான் முகம் வெளுப்பதற்கு முன்பே ஈறில் ரத்தமும் காலில் புள்ளியும் வந்துவிடுகின்றன. பலர் அந்தப் புள்ளியைக் கொசுக்கடி, வேர்க்குரு என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் வைத்து அழுத்திப் பாருங்கள்: கொசுக்கடியின் சிவப்பு மறையும், இந்தப் புள்ளி மறையாது, ஏனென்றால் அது தோலுக்கு அடியில் கசிந்து நிற்கிற ரத்தம்.

மஜ்ஜை காலி என்று அவர்கள் சொன்னது பேச்சுக்கு இல்லை. இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் தடித்த ஊசியால் ஒரு துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நல்ல மஜ்ஜை என்றால் சந்தை நாள் மாதிரி இருக்கும், நீலமும் ரோஸுமாகப் பெரிதும் சிறிதுமாக செல்கள் முட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் மகனுக்கு வந்திருக்கிற நோயில் தேனடை மாதிரி வெள்ளை வட்டங்கள்தான் தெரியும், அத்தனையும் கொழுப்பு. நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள். எத்தனையோ ஆண்டுகளாகப் பார்த்தும் அந்த ஸ்லைடைப் பார்க்கிற நாளில் எனக்கு மனசு கனத்துத்தான் போகிறது.

இப்போது செய்ய வேண்டியது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அது நள்ளிரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வெள்ளையணு இல்லாத உடம்பில் சில மணி நேரத்திலேயே கிருமி ரத்தத்தில் பரவிவிடும். ஆஸ்பிரின், வலி மாத்திரை எதுவும் வேண்டாம். இடுப்பிலோ கையிலோ தசையில் போடுகிற ஊசியும் வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டிவிடும். பல் தேய்க்க மிருதுவான பிரஷ்.

அப்புறம் முக்கியமான விஷயம், இதற்கு வைத்தியம் இருக்கிறது. கூடப்பிறந்தவர்களில் யாருடைய மஜ்ஜையாவது பொருந்தினால் இந்த வயதில் மஜ்ஜை மாற்றுதான் முதல் வழி. பொருந்தாவிட்டால் ஏ.டி.ஜி. என்ற மருந்தும் சைக்ளோஸ்போரினும். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கிற ஏ.டி.ஜி. டி செல்களை அடக்கும், சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு ரத்தம் திரும்ப ஊற ஆரம்பிக்கும். ஆனால் நாலு நாளில் மருந்து ஏறிவிட்டாலும் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், அதுவரை ரத்தமும் பிளேட்லெட்டும் ஏற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இப்போது எல்ட்ராம்போபேக் என்ற மாத்திரையையும் கூடச் சேர்க்கிறோம். 2017-ல் வெளியான ஆய்வில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. உங்கள் மகனின் கல்லீரல் இப்போதுதான் ஆறியிருக்கிறது, அந்த மாத்திரையும் கல்லீரல் என்சைமை ஏற்றக்கூடியது, அதனால் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். நாள் கடத்தாதீர்கள் அம்மா. இந்த நோயைச் சும்மா விட்டால் உயிருக்கு ஆபத்து, நேரத்தோடு பார்த்தால் பிள்ளையைத் திரும்பப் பெறலாம்.

கேள்வி: வைரஸ் டெஸ்ட் எல்லாமே நெகட்டிவ் என்றால் அதை வைரஸ் என்று எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள்? தெரியாததற்கெல்லாம் வைரஸ் என்று பெயர் வைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இந்த வைரஸைத் தேடிய கதையே நீளமானது தம்பி. ஏ-யும் பி-யும் மட்டும் தெரிந்த காலத்தில் இரண்டும் இல்லாத காமாலை ஒன்று இருக்கிறது என்று பார்த்தார்கள். 1989-ல் சி வைரஸைக் கண்டுபிடித்ததும் இதுதான் மஜ்ஜையைக் கெடுக்கும் ஆள் என்று பலர் நினைத்தார்கள், சோதித்துப் பார்த்தால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு சி இல்லை. 1990-களின் நடுவில் ஜி வைரஸ் என்று ஒன்று வந்தது. சில நோயாளிகளின் ரத்தத்தில் அது கிடைக்கவும் செய்தது. பிறகு பார்த்தால், அது அவர்களுக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியாக வந்து சேர்ந்த ஒன்று, நோயைக் கொடுத்தது அது இல்லை. பார்வோ வைரஸ், எப்ஸ்டீன் பார், சைட்டோமெகலோ என்று பலவற்றின் மேல் சந்தேகம் விழுந்தது. ஒவ்வொன்றும் அங்கங்கே ஓரிருவரிடம் கிடைத்ததே தவிர எல்லோரிடமும் ஒரே வைரஸ் என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பின் ஏன் வைரஸ் என்கிறோம்? கல்லீரல் வீங்குகிற விதமும் என்சைம் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிற வேகமும் வைரஸ் காமாலையைப் போலவே இருக்கின்றன. நோயாளியின் ரத்தத்தில் சிடி8 என்ற வகை டி செல்கள் முறுக்கேறி நிற்கின்றன, அவை பெரும்பாலும் வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ல உருவாகிறவை. அந்த டி செல்களை அடக்கினால் மஜ்ஜை பிழைக்கிறது. ஆக, மஜ்ஜையை அடித்தது நோய் எதிர்ப்புப் படை என்பதில் சந்தேகமே இல்லை. அந்தப் படையை எழுப்பியது யார் என்பதுதான் பாக்கி. மஜ்ஜை விழும் நேரத்தில் காமாலை போய் இரண்டு மூன்று மாதம் ஆகிவிடுகிறது, வைரஸும் உடம்பை விட்டுப் போயிருக்கும்.

2022-ல் பிரிட்டனில் தொடங்கி 35 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அங்கேயும் ஏ முதல் ஈ வரை எல்லாம் நெகட்டிவ். கடைசியில் பிரிட்டன் குழந்தைகளின் கல்லீரலில் ஏ.ஏ.வி.2 என்ற, அதுவரை யாருக்கும் தீங்கு செய்யாது என்று நம்பிய ஒரு சின்ன வைரஸ் அதிக அளவில் கிடைத்தது. தனியாகப் பெருக முடியாத வைரஸ் அது, அடினோ வைரஸ் போல இன்னொன்றின் துணை வேண்டும். பாதித்த குழந்தைகளில் பலருக்கு நோய் எதிர்ப்போடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகையும் இருந்தது. ஒரே கிருமி, ஒரே நோய் என்ற கணக்கு எல்லா இடத்திலும் சரிவராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 9 வயது. காரணம் தெரியாத காமாலையில் கல்லீரல் முழுதும் போய், அவளுடைய அப்பாவே கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்து ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். கல்லீரல் நன்றாக வேலை செய்கிறது என்கிறார்கள். ஆனால் வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் வாராவாரம் இறங்குகின்றன. மாத்திரையின் பக்கவிளைவு, போகப்போகச் சரியாகும் என்று இருக்கலாமா?
(கோயம்புத்தூர்)

பதில்: மாத்திரையாலும் இருக்கலாம். மாற்றுக்குப் பின் கொடுக்கிற சில மருந்துகள், அதிலும் சைட்டோமெகலோ வைரஸ் வராமல் இருக்கக் கொடுப்பது, வெள்ளையணுவைக் குறைக்கும். ஆனால் காரணம் தெரியாத காமாலையில் கல்லீரல் போன குழந்தை என்பதால் நான் காத்திருக்க மாட்டேன். 1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏ-யும் பி-யும் இல்லாத காமாலையால் கல்லீரல் மாற்று செய்த 32 பேரில் 9 பேருக்கு மஜ்ஜை நின்றுபோயிருந்தது. வேறு காரணங்களுக்காக மாற்று செய்தவர்களிடம் இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதாவது புதுக் கல்லீரல் வைத்தாலும் பழைய படை உடம்பிலேயே இருக்கிறது. கல்லீரல் குழுவிடம் ரத்தநோய் மருத்துவரையும் கூப்பிடச் சொல்லுங்கள், மஜ்ஜைப் பரிசோதனை எப்போது என்று நேராகவே கேளுங்கள். அவர்களும் யோசித்துக்கொண்டுதான் இருப்பார்கள், நீங்கள் கேட்டால் இன்னும் ஒரு வாரம் மிச்சமாகும்.

கேள்வி: டெங்குவில் கொடுக்கிற மாதிரி பப்பாளி இலைச் சாறு இதற்கும் கொடுக்கலாமா?
(மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்)

பதில்: வேண்டாம். டெங்குவில் பிளேட்லெட் ஒரு வாரத்தில் தானாகவே ஏறும், மஜ்ஜை உயிரோடு இருப்பதால். இங்கே செய்கிற இடமே நின்றுபோயிருக்கிறது. வெள்ளையணு இல்லாதவருக்கு வேக வைக்காத சாறு எதுவும் கொடுப்பதே ஆபத்து.

கேள்வி: என் தம்பிக்கு 22 வயது. டெங்கு என்று சேர்த்தோம். வழக்கமாக ஐந்தாறு நாளில் விடுகிற காய்ச்சல் பத்து நாளாகியும் விடவில்லை. பிளேட்லெட்டோடு வெள்ளையணுவும் ஹீமோகுளோபினும் இறங்குகின்றன, கல்லீரல் என்சைம் ஏறுகிறது, ஃபெரிட்டின் 18,000 என்று எழுதியிருக்கிறது. மஜ்ஜை டெஸ்ட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். டெங்குவுக்கு எதற்கு மஜ்ஜை டெஸ்ட்?
(சென்னை)

பதில்: எடுக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு பிளேட்லெட் ஏற வேண்டும், அதுதான் அதன் இயல்பு. காய்ச்சல் விடாமல், மண்ணீரல் பெருத்து, மூன்று அணுவும் சரிந்து, கல்லீரலும் கெட்டு, இரும்பைச் சேமிக்கிற ஃபெரிட்டின் என்ற புரதம் இப்படி ஆயிரக்கணக்கில் ஏறினால் நாங்கள் முதலில் நினைப்பது எச்.எல்.எச். என்ற நிலையை. மேலே தூத்துக்குடிப் பையனுக்கு வந்தது வேறு, இது வேறு. அங்கே மஜ்ஜை காலியாகிவிட்டது. இங்கே மஜ்ஜையில் செல்கள் இருக்கின்றன, ஆனால் வைரஸால் வெறி பிடித்த மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் கூட இருக்கும் ரத்த அணுக்களையே விழுங்குகின்றன. மைக்ராஸ்கோப்பில் ஒரு பெரிய செல்லின் வயிற்றுக்குள் இரண்டு மூன்று சிவப்பணுக்களும் ஒரு பிளேட்லெட்டும் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த வெறியில் வெளியாகிற ரசாயனங்கள் கல்லீரலையும் சேர்த்துக் கெடுக்கின்றன. எப்ஸ்டீன் பார் வைரஸ்தான் இதைக் கிளப்புவதில் முதலிடம், நம் ஊரில் டெங்குவும் ஸ்க்ரப் டைஃபஸும் கிளப்பும். ஸ்க்ரப் டைஃபஸ் வைரஸ் இல்லை, சின்னப் பூச்சி கடித்து வருகிற பாக்டீரியா காய்ச்சல், அதற்கு டாக்சிசைக்ளின் என்ற சாதாரண மருந்தே போதும், அதனால் தம்பியின் அக்குள், தொடையிடுக்கு, பெல்ட் கட்டுகிற இடம் எல்லாம் கடித்த இடத்தில் வரும் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

எச்.எல்.எச். உறுதியானால் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள், தேவைப்பட்டால் எட்டோபோசைடு. எட்டோபோசைடு புற்றுநோய் மருந்து என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டுப் பயந்து கையெழுத்துப் போட மறுத்த குடும்பங்கள் உண்டு. தம்பிக்குப் புற்றுநோய் என்று அதற்கு அர்த்தம் இல்லை, வெறி பிடித்த செல்லை அடக்க அது வேண்டியிருக்கிறது.

கேள்வி: கூடலூர் பக்கம் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை நான். வகுப்பில் மூன்று குழந்தைகளுக்குக் கன்னம் அறைந்த மாதிரி சிவந்து லேசான காய்ச்சல். அவர்கள் மறுநாளே ஓடி விளையாடினார்கள். சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளைகிற பரம்பரை நோய்) உள்ள ஒரு பெண் குழந்தைக்கு மட்டும் ஒரு வாரத்தில் ஹீமோகுளோபின் 8-லிருந்து 3 ஆகிவிட்டது. ஒரே காய்ச்சல் ஏன் இப்படி ஓரவஞ்சனை செய்கிறது?

பதில்: டீச்சர், நீங்கள் கவனித்து எழுதியதற்கு முதலில் நன்றி. நீங்கள் சொல்வது பார்வோ வைரஸ் பி19 என்று தோன்றுகிறது. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் அதிகம் என்பதால் அங்கே ஒவ்வொரு ஆசிரியரும் தெரிந்திருக்க வேண்டிய வைரஸ் இது.

இதைக் கண்டுபிடித்ததும் கல்லீரல் வைரஸைத் தேடப்போன இடத்தில்தான். 1975-ல் லண்டனில் ஹெபடைட்டிஸ் பி-க்காக ரத்தம் சோதித்துக்கொண்டிருந்தபோது, பி என்ற வரிசையில் 19-ஆம் மாதிரி வேறு ஏதோ காட்டியது. அந்த இடத்தின் எண்ணே வைரஸின் பெயராக நின்றுவிட்டது. ஆறு வருடம் கழித்து, 1981-ல், சிக்கிள் செல் குழந்தைகளுக்குத் திடீரென்று ரத்தம் சரிவதற்கு இதுதான் காரணம் என்று லண்டன் மருத்துவர்கள் கண்டார்கள்.

இது மஜ்ஜையில் சிவப்பணு ஆகப்போகிற இளம் செல்லுக்குள் மட்டும் புகுந்து அதைக் கொல்லும். ஒரு வாரம், பத்து நாள் சிவப்பணு உற்பத்தியே நிற்கும். அது எல்லோருக்கும் நடக்கிறது, உங்கள் வகுப்பில் ஓடி விளையாடிய அந்த மூன்று பேருக்கும் நடந்திருக்கும். அவர்களுடைய சிவப்பணு 120 நாள் வாழ்வதால் பத்து நாள் வரவு இல்லாதது தெரியவே இல்லை. சிக்கிள் செல் குழந்தையின் சிவப்பணு 10 முதல் 20 நாள்தான் வாழும். அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுகிற வீட்டில் பத்து நாள் கூலி நின்ற மாதிரி. ரத்தம் ஏற்றி அந்த நாட்களைக் கடத்திவிட்டால் மஜ்ஜை தானாகவே திரும்பும், ஏ.டி.ஜி.யோ மஜ்ஜை மாற்றோ தேவையில்லை. பொதுவாக மறுபடியும் வருவதும் இல்லை.

உடனே செய்ய வேண்டியது இரண்டு. அந்தக் குழந்தையின் வீட்டில் வேறு யாருக்கு சிக்கிள் செல் இருக்கிறது என்று கேளுங்கள், இந்த வைரஸ் ஒருவருக்குப் பின் ஒருவருக்கு வரும், அவர்களுக்கு இந்த வாரமே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். உங்கள் பள்ளியில் கர்ப்பிணி ஆசிரியையோ சத்துணவு ஊழியரோ இருந்தால் அவர்களுடைய டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், வயிற்றுக் குழந்தைக்கும் இதே மாதிரி ரத்தம் குறையலாம். கன்னம் சிவந்த குழந்தையை ஒதுக்கி உட்கார வைத்துப் பயனில்லை. கன்னம் சிவப்பதற்கு முன்னால்தான் அது பரவுகிறது.

கேள்வி: என் மகனுக்கு அப்ளாஸ்டிக் அனீமியா. 14 வயது மகளின் மஜ்ஜை முழுசாகப் பொருந்துகிறது. ஆனால் பெண்பிள்ளையின் இடுப்பெலும்பில் கை வைத்தால் நாளைக்குப் பிள்ளை பெற முடியாமல் போகும் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். உறவினர்கள் பத்துப் பேர் ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், அதுவே போதாதா?
(சேலம்)

பதில்: கூடப்பிறந்த ஒருவர் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. மஜ்ஜை எடுப்பதற்கும் கர்ப்பப்பைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை அய்யா. மயக்க மருந்து கொடுத்து, இடுப்பின் பின்பக்க எலும்பிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், எலும்பை வெட்டுவது கிடையாது. ஒரு வாரம் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு வலிக்கும். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும். கொடுத்த பெண்கள் பிறகு கல்யாணம் செய்து பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பெரியவர்களை ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போய் டாக்டர் எதிரில் உட்கார வையுங்கள், வீட்டில் பேசிப் பேசி நாள் போவதைவிட அது நல்லது. இன்னொன்று, மகளிடம் யாராவது கேட்டீர்களா? 14 வயதுக் குழந்தைக்கு இது புரியும். என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு வலிக்கும் என்று அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள்.

உறவினர்கள் ரத்தம் கொடுப்பது பற்றி. அவர்களுடைய அன்பு பெரிது, ஆனால் மஜ்ஜை மாற்றுக்குப் போகிற பிள்ளைக்கு ரத்த சொந்தங்களின் ரத்தம் ஏற்றவே கூடாது. அவர்களுடைய செல்லுக்கு எதிராக உடம்பு பழகிவிட்டால், நாளை மகளின் மஜ்ஜையையும் ஏற்காமல் தள்ளிவிடக்கூடும். அந்தப் பத்துப் பேரும் ரத்த வங்கியில் பொதுவாகக் கொடுக்கட்டும், உங்கள் மகனுக்கு வேறு யாரோ கொடுத்த ரத்தம், வெள்ளையணு வடிகட்டி, கதிர்வீச்சு கொடுத்தது ஏறட்டும். இதை ஆஸ்பத்திரியில் சொல்ல மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

செலவைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து மஜ்ஜை மாற்று நடக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போய், எந்த ஆஸ்பத்திரியானாலும், அங்கே இருக்கிற சமூகப் பணியாளரை முதலில் பாருங்கள். டாக்டரைப் பார்த்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள், பணத்துக்கான காகித வேலைதான் அதிக நாள் பிடிக்கும். கூடப்பிறந்தவர் பொருந்தாதவர்களுக்கு, சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேட வழி இருக்கிறது.

கேள்வி: காமாலை வந்துபோன எல்லோரும் மஜ்ஜை டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
(விருதுநகர்)

பதில்: இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். காமாலை வந்த ஆயிரமாயிரம் பேரில் வெகு சிலருக்குத்தான் இது. ஆனால் எந்த வைரஸ் என்று தெரியாமலே சரியான காமாலை என்றால், கல்லீரல் டெஸ்ட் திரும்ப எடுக்கிற நாளில் அதே ரத்தத்தில் சி.பி.சி. என்ற ரத்த அணு எண்ணிக்கையும் பார்த்துவிடுங்கள், மூன்று மாதம் வரை மாதம் ஒருமுறை. சாதாரண லேப்பிலேயே எடுக்கிற டெஸ்ட்தான். காமாலை லேசாக இருந்தது, அதனால் இது வராது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, காமாலையின் கடுமைக்கும் மஜ்ஜை விழுவதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: எனக்கு 20 வயதில் இதே நோய் வந்து ஏ.டி.ஜி. போட்டார்கள். ஒன்றே கால் வருடம் ஆகிறது. பிளேட்லெட் 1,30,000, ஹீமோகுளோபின் 12. சைக்ளோஸ்போரினால் ஈறு தடித்து, முகத்தில் முடி வளர்கிறது. நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன்.
(திருச்சி)

பதில்: உங்கள் எண்களைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. நிறுத்தாதீர்கள். ஏ.டி.ஜி. பலித்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மறுபடி சரிகிறது. சைக்ளோஸ்போரினை உங்கள் டாக்டர் சொல்கிற கணக்கில் மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் ஒரு சி.பி.சி. ஈறு, முடி இரண்டும் அளவு குறையக் குறைய இறங்கும், கண்ணாடி முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதை டாக்டரிடமும் அதே வார்த்தையில் சொல்லுங்கள், குறைக்கும் வேகத்தை அவர் யோசிக்க அது உதவும். ரத்த அழுத்தமும் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் பார்க்கிறார்களா என்று எழுதவில்லை, அதைக் கேளுங்கள். பி.என்.எச். (சிவப்பணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைகிற நோய்) டெஸ்ட் வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது, உங்களுக்குப் போன முறை எப்போது எடுத்தார்கள் என்று ஃபைலில் பாருங்கள், தேதி இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது எடுத்துவிடுங்கள்.